ஐஸ்லாந்தில் கேம்பர் வேன் எடுத்து ஊர் சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ்லாந்து போகிறோம், வேன் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். கேம்பர் வேன் என்று நான் சொல்வது பின்பக்கம் ஒரு மெத்தை, ஒரு சின்ன அடுப்பு, ஒரு தண்ணீர் கேன் வைத்த வண்டியை. கழிப்பறை, குளியலறை, சாப்பாட்டு மேசை எல்லாம் உள்ள மோட்டார் ஹோம் வேறு சமாச்சாரம், அதைப் பற்றி வேண்டிய இடத்தில் மட்டும் சொல்கிறேன். விலைகளை ஒரு உத்தேசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சீசனைப் பொறுத்து நிறையவே ஏறி இறங்கும்.

காரும் ஹோட்டலும் எடுப்பதைவிட வேன் மலிவா?

இரண்டு பேர் என்றால் பெரும்பாலும் ஆமாம். ஜூலையில் சாதாரண விருந்தினர் இல்லத்து அறைக்கே இரவுக்கு 150, 200 யூரோ கேட்பார்கள், அதுவும் தெற்குக் கடற்கரையில் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். அதே மாதத்தில் இரண்டு பேர் படுக்கும் சின்ன வேனும் ஒரு நாளைக்கு 150 யூரோவுக்கு மேல் போகும்தான், ஆனால் அதிலேயே வண்டி, படுக்கை, சமையலறை மூன்றும் அடங்கிவிடுகிறது. அதோடு முகாம் தளத்துக்கு ஆளுக்கு 2,000 முதல் 3,000 குரோனா (அந்த ஊர் நாணயம்) வரை சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் என்றால் கணக்கு மாறிவிடும். நான்கு பேர் படுக்கும் வண்டி வாடகையும் அதிகம், டீசலும் அதிகம் குடிக்கும். ஒரு சாதாரண காரும் சமையலறை உள்ள மரவீடுகளும் எடுத்தால் ஏறக்குறைய அதே செலவுதான் ஆகும், தூக்கமும் நன்றாக வரும். ஆகவே பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் வேன் எடுக்காதீர்கள். அதன் நிஜமான லாபம் என்னவென்றால், தெற்கே மழை கொட்டினால் திட்டத்தை மாற்றி வடக்கே போய்விடலாம், ரத்து செய்ய ஹோட்டல் பதிவு எதுவும் இருக்காது. அந்த ஊர் வானிலைக்கு இது பெரிய விஷயம்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. ஜூனில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் சூரியன் நள்ளிரவு வாக்கில் மறைந்து மூன்று மணிக்கே திரும்ப வந்துவிடும், நடுவில் இருட்டே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு அருவி பார்க்கலாம், கூட்டமும் இருக்காது. வேனில் திரை இல்லாத ஜன்னல் ஒன்று இருந்தாலும் தூக்கம் போச்சு, கண்மூடி ஒன்று கொண்டுபோங்கள்.

வடக்கு வெளிச்சத்தை, அதாவது இரவு வானில் பச்சையாக அசையும் ஒளியை, பார்த்தே ஆகவேண்டும் என்றால் இருட்டு வேண்டும், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை போனால் இருட்டு, வேனுக்கு ஏற்ற வானிலை இரண்டும் ஓரளவு கிடைக்கும். குளிர்காலத்தில் வேன் வேண்டாம். வாடகை பாதியாகத் தெரியும், ஆனால் திறந்திருக்கும் முகாம் தளங்கள் மிகக் குறைவு, டிசம்பரில் பகல் நாலைந்து மணி நேரம்தான், மலைப்பாதைகளை எப்போது மூடுவார்கள் என்று சொல்ல முடியாது. பனியில் வண்டி ஓட்டியே பழக்கமில்லாத நாம் நல்ல உயரமான, காற்று பிடிக்கும் வண்டியில் போய் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இந்திய லைசென்ஸ் போதுமா?

லைசென்ஸ் ஆங்கில எழுத்தில், புகைப்படத்தோடு, செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் ஐஸ்லாந்தில் ஓட்டலாம், நம் தமிழ்நாட்டு அட்டையில் இதெல்லாம் இருக்கிறது. இருந்தாலும் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்குத் தருவார்கள், செலவும் அதிகமில்லை, கவுன்டரில் இருப்பவர் சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்டலாம். பல நிறுவனங்கள் லைசென்ஸ் எடுத்துக் குறைந்தது ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். வயது வரம்பு வண்டியைப் பொறுத்து 20லிருந்து 25 வரை இருக்கும்.

ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். மனைவி ஓட்ட, கணவர் கார்டைக் கொடுத்தால் சில இடங்களில் வண்டி தரமாட்டார்கள். அப்புறம், மலிவான வேன்கள் பெரும்பாலும் கையால் கியர் போடுபவை. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கியர் வலது கையில் இருக்கும். முதல் நாள் கை தன்னால் கதவுப் பக்கம் போகும்.

விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்களே, வேனில் போகிறவர்கள் என்ன காட்டுவது?

ஐஸ்லாந்து 2001 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, ஷெங்கன் விசாதான் வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். தங்குமிடத்துக்கு வேன் வாடகைப் பதிவைக் கொடுங்கள், அதில் படுக்கை வசதி உள்ள வண்டி என்று தெளிவாக இருக்கட்டும். கூடவே எந்த இரவு எந்த ஊர் முகாம் தளம் என்று ஒரு பக்க அட்டவணையும் வையுங்கள். முதல் இரவும் கடைசி இரவும் விமான நிலையம் உள்ள கெஃப்லாவிக்கிலோ ரெய்க்யாவிக்கிலோ அறை போட்டுவிடுவது நல்லது. விண்ணப்பத்துக்கும் உதவும், நீண்ட விமானப் பயணம் முடிந்த கையோடு தெரியாத சாலையில் வண்டி எடுக்காமலும் இருக்கலாம்.

நான்கு சக்கரமும் இழுக்கும் 4x4 வண்டி கட்டாயம் வேண்டுமா?

நாட்டைச் சுற்றி வரும் முதலாம் எண் சாலை, வளையச் சாலை என்பார்கள், சுமார் 1,320 கிலோமீட்டர். 2019லிருந்து அது முழுக்கத் தார்ச்சாலை. பெயர் கேட்டவுடன் நினைவுக்கு வரும் இடங்களில் பெரும்பாலானவை, அதாவது செல்யாலண்ட்ஸ்ஃபாஸ், ஸ்கோகாஃபாஸ் அருவிகள், வீக் ஊர்க் கருமணல் கடற்கரை, யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி, மீவாட்ன் ஏரி, கோடாஃபாஸ் அருவி எல்லாம் அந்தச் சாலையிலோ அதன் பக்கத்திலோதான் இருக்கின்றன. கோடையில் இதற்குச் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண வேன் தாராளமாகப் போதும்.

4x4 தேவைப்படுவது எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் மலைச்சாலைகளுக்கு. லண்ட்மன்னலாய்கர், தோர்ஸ்மோர்க் போன்ற உள்நாட்டு மேட்டுநிலங்களுக்குப் போகும் வழிகள் இவை. பனி உருகிய பிறகு, பொதுவாக ஜூன் பின்பாதியில் ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். சாதாரண வேனில் இவற்றில் நுழைந்தால் வாடகை ஒப்பந்தம் அங்கேயே செல்லாமல் போகும். அதைவிட முக்கியமான விஷயம்: 4x4 எடுத்தாலும் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் எஞ்சினில் புகுந்தால் எந்தக் காப்பீடும் அநேகமாகக் கைகொடுக்காது. தோர்ஸ்மோர்க் வழியில் குறுக்கே வரும் க்ரோஸ்ஸா ஆறு பனிப்பாறையிலிருந்து வருவது. வெயில் ஏற ஏற உருகும் தண்ணீரும் ஏறும், காலையில் முழங்காலளவு ஓடியது மாலையில் வண்டியைப் புரட்டும். வண்டி போகும் பாலமே கிடையாது.

இந்த இரண்டு இடங்களுக்காக மட்டும் பயணம் முழுவதும் 4x4 வாடகை கொடுப்பது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது. கோடையில் தெற்கிலிருந்து உயர்ந்த சக்கரம் வைத்த பேருந்துகள் இரண்டு இடத்துக்கும் போய்வருகின்றன. வேனைக் கீழே நிறுத்திவிட்டு அதில் ஏறிக்கொள்ளுங்கள், ஆற்றை அந்த ஓட்டுநர் பார்த்துக்கொள்வார்.

காப்பீட்டில் எதை எடுப்பது, எதை விடுவது?

கவுன்டரில் நிற்கும்போது நாலைந்து பெயர் சொல்லிக் குழப்புவார்கள். அடிப்படை மோதல் காப்பீடு வாடகையிலேயே இருக்கும், ஆனால் சேதம் வந்தால் உங்கள் பங்காகக் கட்டவேண்டிய தொகை பெரியது, பல லட்சம் குரோனா வரை போகலாம். கூடுதல் காப்பீடு எடுத்தால் அந்தத் தொகை இறங்கும்.

சரளைக்கல் காப்பீட்டை நான் எடுக்கச் சொல்வேன். வளையச் சாலை தார்தான் என்றாலும் முகாம் தளத்துக்கும் அருவிக்கும் பிரியும் கிளைச்சாலைகள் சரளைதான், எதிரே வரும் வண்டி ஒரு கல்லைத் தெறிக்கவிட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். மணல், எரிமலைச் சாம்பல் காப்பீடு என்று ஒன்று உண்டு. கேட்பதற்கு ஏமாற்று வேலை மாதிரி இருக்கும், ஆனால் வீக் ஊருக்குக் கிழக்கே மிர்டால்ஸ்சாண்டூர், அதைத் தாண்டி ஸ்கெய்தாராரசாண்டூர் என்று பல கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் கரிய மணல்வெளி. பலத்த காற்றடித்தால் அந்த மணல் வண்டியின் பெயின்ட்டைத் தகடு தெரியத் தேய்த்துவிடும், ஜன்னல் கண்ணாடி பால் நிறமாகிவிடும். வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ தெற்கே போகிறவர்கள் எடுக்கலாம். நடுக்கோடையில், வானிலை பார்த்து நடப்பவர்களுக்கு அவ்வளவு அவசியமில்லை.

எவ்வளவு பணம் கட்டினாலும் பெரும்பாலும் சேராதவை: காற்று பிய்த்த கதவு, வண்டியின் அடிப்பகுதி, ஆற்றுத் தண்ணீர், தவறான எரிபொருள், சாலையை விட்டு இறங்கி ஓட்டியது. ஒப்பந்தத்தில் இந்தப் பட்டியலை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்.

காற்று பிய்த்த கதவா? நிஜமாகவா?

நிஜமாகத்தான். புதிதாக வருகிறவர்கள் குளிருக்குத் தயாராக வருவார்கள், காற்றை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டியை நிறுத்தி, அருவியைப் பார்த்த சந்தோஷத்தில் கைப்பிடியை இழுத்தவுடன் காற்று கதவைக் குடையைத் திருப்புவது போல முன்பக்கம் மடக்கிவிடும். கீல் வளைந்துவிட்டால் கதவு மூடாது, மூடாத கதவோடு வண்டி ஓட்ட முடியாது, மாற்று வண்டி வர ஒரு நாள் ஆகும், ரிப்பேர் செலவு முழுக்க உங்கள் தலையில்.

இதைத் தவிர்ப்பது கடினமில்லை. நிறுத்தும்போதே வண்டியின் மூக்கு காற்றடிக்கும் திசையைப் பார்த்து இருக்கட்டும், அப்போது காற்றே முன்கதவை மூடத்தான் பார்க்கும். கதவைத் திறப்பதற்கு முன் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திறங்கள். இரண்டு பக்கக் கதவுகளையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள், உள்ளே வைத்த காகிதம், ரொட்டி, பாஸ்போர்ட் எல்லாம் பறந்துவிடும்.

ஓட்டுவதற்கும் இதே கதைதான். அங்கே காற்றின் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லமாட்டார்கள், நொடிக்கு இத்தனை மீட்டர். 15 என்று பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள், அது மணிக்கு 54 கிலோமீட்டர். 15ஐத் தாண்டினால் உயரமான வேனை ஓட்டுவது சிரமம், 20ஐத் தாண்டினால் கிளம்பவே வேண்டாம். மலையடிவாரங்களில் சராசரி 12 என்று இருக்கும், திடீர் வீச்சு 30ஐத் தொடும், அதனால் முன்னறிவிப்பில் வீச்சு எவ்வளவு என்பதையும் பாருங்கள். வானிலைக்கு அரசு வானிலை அலுவலகத்தின் வேதுர் தளம், சாலை நிலவரத்துக்கு உம்ஃபெர்தின் தளம், எச்சரிக்கைகளுக்கு சேஃப்டிராவல் தளம், இந்த மூன்றையும் காலையில் காபி குடிக்கும்போதே பார்த்துவிடுங்கள். சாலை மூடியது என்று போட்டிருந்தால் மூடியதுதான், தடுப்பைச் சுற்றிப் போகும் சாமர்த்தியமெல்லாம் அங்கே வேண்டாம். அவசர எண் 112.

பிடித்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாமா?

முடியாது. வேன் என்றாலே இஷ்டப்பட்ட இடத்தில் படுக்கலாம் என்ற எண்ணம் சமூக ஊடகப் படங்களைப் பார்த்து வருவது. முன்பு கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. சுற்றுலாப் பயணிகள் பெருகி, விவசாயிகளின் வேலியோரமெல்லாம் வண்டிகள் நிற்க ஆரம்பித்து, பாசியைத் தோண்டிக் கழிப்பறையாக்கியதும் ஊர்க்காரர்கள் பொறுமை போய்விட்டது. 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி, கேம்பர் வேன், மோட்டார் ஹோம் போன்றவற்றில் முகாம் தளத்துக்கு வெளியே இரவு தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். அருவி வாகன நிறுத்தம், பெட்ரோல் பங்க், கடற்கரை ஓரம் எதுவும் விதிவிலக்கில்லை. காலையில் கண்ணாடியைத் தட்டுபவர் போலீஸாகவும் இருக்கலாம், பண்ணைக்காரராகவும் இருக்கலாம்.

சாலையை விட்டு இறங்கி ஓட்டுவதும் குற்றம், அபராதம் லட்சக்கணக்கான குரோனாவில் வரும். அங்கே பாசி வளர்வது மிக மெதுவாக, ஒரு சக்கரத் தடம் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும்.

அப்படியானால் முகாம் தளம் எப்படி இருக்கும்? முன்பதிவு செய்யவேண்டுமா?

ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஊர் ஓரத்தில் ஒரு புல்வெளி, ஒரு கழிப்பறைக் கட்டடம், பாத்திரம் கழுவத் தொட்டி, அவ்வளவுதான். சிலவற்றில் சமையல் கூடமும் துணி துவைக்கும் மெஷினும் இருக்கும். குளிக்கச் சில இடங்களில் தனியாகக் காசு. பல தளங்களுக்கு முன்பதிவு வேண்டாம், போய் நிறுத்திவிட்டு அலுவலகத்திலோ செயலியிலோ பணம் கட்டலாம். மாலையில் பணியாள் ஒருவர் கார்டு மெஷினோடு வண்டி வண்டியாகக் கதவைத் தட்டி வசூல் செய்வதும் உண்டு.

ஸ்கோகாஃபாஸ் அருவியின் காலடியிலேயே தளம் இருக்கிறது, வேன் கதவைத் திறந்தால் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர். சத்தம் இரவெல்லாம் கேட்கும், அது சிலருக்குத் தாலாட்டு, சிலருக்குத் தலைவலி. செல்யாலண்ட்ஸ்ஃபாஸ் பக்கத்தில் ஹம்ராகார்தார், வடக்கே அகுரேரி ஊர்ப் பக்கம் ஹம்ரார், இவையும் நல்ல தளங்கள். ரெய்க்யாவிக்கில் லாய்கார்டாலூர் தளம் வருடம் முழுவதும் திறந்திருக்கும். முந்தைய பயணிகள் விட்டுப்போன பாதி கேஸ் டப்பா, உப்பு, எண்ணெய், பாஸ்தா எல்லாம் அங்கே ஓர் அலமாரியில் கிடைக்கும், கடைக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

முகாம் அட்டை என்று ஒன்று விற்கிறார்கள்: இரண்டு பெரியவர்கள், நான்கு குழந்தைகள் வரை, மொத்தம் 28 இரவு. இரவுத் தங்கல் வரி தனி. தெற்குக் கடற்கரையின் பிரபலமான தளங்கள் பலவும் அதில் சேராது, ஆகவே ஒரு வாரத்தில் வளையச் சாலையைச் சுற்றி முடிப்பவர்களுக்கு அநேகமாக நஷ்டம். கிழக்கு, மேற்கு ஃபியோர்டுகளில் (மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே நுழைந்த பகுதிகள்) நிதானமாகச் சுற்றும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும்.

சோறு பொங்கிச் சாப்பிட முடியுமா?

தாராளமாக. சின்ன பிரஷர் குக்கர் ஒன்று பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே அதுதான் கேஸை மிச்சம் பிடிக்கும். கேஸ் டப்பாவை விமானத்தில் கொண்டுபோக முடியாது, பெட்ரோல் பங்குகளில் விற்கிறார்கள். வெறும் பியூட்டேன் டப்பா குளிரில் மக்கர் செய்யும், பூஜ்யம் டிகிரி அருகே போனால் வாயு சரியாக வராது. கலப்பு வாயு டப்பா உங்கள் அடுப்புக்குப் பொருந்தினால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் டப்பாவை ராத்திரி வண்டிக்குள் வைத்திருந்து காலையில் பொருத்துங்கள்.

கதவை அடைத்துக்கொண்டு உள்ளே சமைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு முதல் காரணம். அது போக, கடுகும் வெங்காயமும் தாளித்த வாசனை மெத்தையில் ஏறினால் இறங்காது, வண்டியைத் திருப்பும்போது துப்புரவுக் கட்டணம் போடுவார்கள். தாளிப்பெல்லாம் முகாம் தளத்துச் சமையல் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து அடுப்பில் பாஸ்தா வேகவைக்கும் ஜெர்மன்காரர் எட்டிப் பார்ப்பார், கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள்.

சாமான்களுக்கு போனுஸ், க்ரோனன், நெட்டோ கடைகள். மஞ்சள் பலகையில் இளஞ்சிவப்புப் பன்றி போட்டிருந்தால் அது போனுஸ், விலை அங்கே குறைவு, சீக்கிரம் மூடிவிடுவார்கள். பாஸ்மதி அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் டப்பா, தயிருக்குப் பதிலாக ஸ்கிர் எல்லாம் கிடைக்கும். ஊரிலிருந்து பொடி வகைகள், ஊறுகாய் கொண்டுபோகலாம், ஆனால் இறைச்சியும் பால் பொருளும் வேண்டாம், நெய்யும் பால் பொருள்தான். கருவாடு இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அங்கே ஹார்த்ஃபிஸ்கூர் என்று காயவைத்த மீனைப் பாக்கெட்டில் விற்கிறார்கள், வெண்ணெய் தடவி அப்படியே மெல்லுவார்கள். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம், குளிர்ந்த குழாய்த் தண்ணீர் அவ்வளவு ருசி. வெந்நீர்க் குழாயில் மட்டும் பிடிக்காதீர்கள், பல இடங்களில் அது நிலத்தடியிலிருந்து வருவது, அழுகிய முட்டை வாடை அடிக்கும், குளிக்க மட்டும் சரி.

வேனில் கழிப்பறை இல்லையே, குளியலுக்கு என்ன செய்வது?

இரவில் முகாம் தளம், பகலில் பெட்ரோல் பங்கும் சுற்றுலா மையங்களும். காட்டில் ஒதுங்கலாம் என்று நினைத்தால், அந்த நாட்டில் மறைய மரம் கிடைப்பதே அபூர்வம்.

குளியலுக்கு ஊர் நீச்சல் குளங்கள்தான் என் வாக்கு. சின்ன ஊரிலும் ஒன்று இருக்கும், நிலத்தடி வெந்நீர், திறந்தவெளி, 38லிருந்து 42 டிகிரி வரை சூடுள்ள தொட்டிகள். மழையில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருக்கும் சுகத்துக்கு, பேர்பெற்ற சொகுசுக் குளங்களில் கொடுக்கும் காசில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஒரே ஒரு நிபந்தனை நம்மவர்களைத் திடுக்கிட வைக்கும். குளத்தில் இறங்கும் முன் ஆண்கள் பெண்கள் தனித்தனி அறையில், நீச்சலுடை இல்லாமல், சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தலை, அக்குள், இடுப்பு, பாதம் எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சிவப்பு அடித்த மனிதப் படம் சுவரில் ஒட்டியிருக்கும். குளத்தில் குளோரின் குறைவாகப் போடுகிறார்கள், அதனால் இந்தக் கண்டிப்பு. பல இடங்களில் தடுப்புப் போட்ட ஓரிரு அறைகளும் உண்டு, கேளுங்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, இரண்டாம் நாள் பழகிவிடும்.

இரவில் குளிருமா?

ஜூலையிலும் 5, 8 டிகிரிக்கு இறங்கும். எஞ்சினை அணைத்த பிறகும் ஓடும் டீசல் ஹீட்டர் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். அது கூடுதல் பேட்டரியில் ஓடும், அதனால் அதை எப்படி ஓட்டுவது, எவ்வளவு நேரம் தாங்கும் என்று வண்டி எடுக்கும் இடத்திலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள், இரண்டு பேர் மூச்சு விட்ட ஈரம் காலையில் கூரையிலிருந்து சொட்டும்.

எத்தனை நாள் வேண்டும்?

வளையச் சாலைக்கு ஏழு நாள் என்பது ஓட்டம். பத்து நாள் இருந்தால் நன்றாகப் பார்க்கலாம், ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்தையும் சேர்க்கலாம். மேற்கு ஃபியோர்டுகள் வேண்டுமென்றால் இரண்டு வாரம். ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் சுற்றவே வேண்டாம், தெற்குக் கரையில் யோகுல்சார்லோன் வரை போய் வந்த வழியே திரும்புங்கள். போகும்போது மேகம் மூடியிருந்த மலை திரும்பும்போது தெரியும்.

வரைபடம் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள். ரெய்க்யாவிக்கிலிருந்து வீக் 190 கிலோமீட்டருக்குள்தான், இரண்டரை மணி நேரம் காட்டும், நடுவில் இரண்டு அருவியும் ஒரு கடற்கரையும் இருப்பதால் நாள் முழுவதும் ஆகும். கிழக்கே இன்னொரு பொறி இருக்கிறது. தெற்கிலிருந்து எகில்ஸ்டாதிருக்குப் போகும்போது ஜி.பி.எஸ். உங்களை 939 எண் சாலையில் திருப்பிவிடும், ஓக்ஸி கணவாய், தூரம் குறைவு. அது செங்குத்தான சரளைப் பாதை, மூடுபனி வேறு. 2017லிருந்து முதலாம் எண் சாலை கடலோரமாக ஃபியோர்டுகளைச் சுற்றிப் போகிறது. வேனில் அதிலேயே போங்கள், காட்சியும் அங்கேதான்.

சாலையில் புதிதாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தார்ச்சாலையில் 90, சரளையில் 80, ஊருக்குள் 50 அல்லது அதற்கும் கீழே. விளக்கு பகலிலும் எரிய வேண்டும். கேமரா இருக்கிறது, அபராதம் கடுமை, வாடகை நிறுவனம் அதன்மேல் தன் கட்டணமும் போடும். குடித்துவிட்டு ஓட்டுவதில் 2020லிருந்து ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு ஆயிரத்துக்கு 0.2 பங்கு, ஒரு பீர் கூட வேண்டாம்.

ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத்தடப் பாலங்கள் இன்னும் நிறைய உண்டு. யார் முதலில் பாலத்தை நெருங்குகிறார்களோ அவர் முதலில் போவது வழக்கம். இரண்டு தடம் உள்ள ரவுண்டானாவில் உள்தடத்தில் இருப்பவர் வெளியேறும்போது அவருக்குத்தான் முன்னுரிமை, இது மற்ற நாடுகளில் ஓட்டியவர்களையும் குழப்பும். தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே போனபின் பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும். ஆட்டுத்தாய் சாலையின் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும், நம் ஊர் ஆடு மாதிரியேதான். மோதினால் நீங்கள் நஷ்ட ஈடு கட்ட வேண்டிவரும்.

அழகான குதிரையைப் பார்த்தால் நடுச்சாலையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். சாலைக்கு ஓரமே கிடையாது, பின்னால் லாரி வரும்.

டீசல் போடுவது, பார்க்கிங், சுங்கம்?

பல பங்குகளில் ஆளே இருக்கமாட்டார்கள். நான்கு இலக்க பின் எண் உள்ள கார்டு வேண்டும், மெஷின் முதலில் பெரிய தொகையைப் பிடித்து வைத்துவிட்டுச் சில நாளில் மிச்சத்தை விடுவிக்கும், ஆகவே டெபிட் கார்டில் இருப்பு குறைவாக இருந்தால் திண்டாட்டம். கிழக்கிலும் வடக்கிலும் அரை டேங்க் ஆனதுமே நிரப்பிவிடுங்கள். வண்டிக்கு டீசலா பெட்ரோலா என்று மூடியில் ஒட்டியிருப்பதை ஒவ்வொரு தடவையும் பாருங்கள். வாடகையில் தனியாகக் கிலோமீட்டர் கட்டணம் சேர்க்கிறார்களா என்றும் பதிவு செய்யும்போது கேட்டுவிடுங்கள்.

திங்வெட்லிர், செல்யாலண்ட்ஸ்ஃபாஸ், ஸ்கஃப்டாஃபெல் போன்ற இடங்களில் பார்க்கிங்குக்குக் காசு. கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும், பார்கா செயலியிலோ மெஷினிலோ கட்ட வேண்டும். சுங்கம் ஒரே ஒரு சுரங்கப்பாதைக்குத்தான், அகுரேரி பக்கத்து வாத்லாஹெய்தி. அதில் சுங்கச்சாவடி கிடையாது, இணையத்தில் கட்ட வேண்டும், மறந்தால் பில் வாடகை நிறுவனம் வழியாகக் கூடுதல் கட்டணத்தோடு வரும். கட்ட விருப்பமில்லை என்றால் பழைய மலைப்பாதை வழியாகச் சுற்றிப் போகலாம்.

குழந்தைகள், வயதான பெற்றோரோடு போகலாமா?

குழந்தைகளுக்குப் பிரச்சினையில்லை, சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் வேன் ரொம்பப் பிடிக்கும். குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், முன்பே பதிவு செய்யுங்கள். அம்மா அப்பாவை அழைத்துப் போவதாக இருந்தால் வேன் வேண்டாம் என்பேன். இரவில் கழிப்பறைக்கு நூறு மீட்டர் காற்றிலும் மழையிலும் நடக்க வேண்டும், மெத்தையில் ஏற முழங்கால் மடக்க வேண்டும். மோட்டார் ஹோம் எடுத்தால் அந்தச் சங்கடம் தீரும், ஆனால் காற்றுக்கு அது இன்னும் பெரிய இலக்கு. அவர்களுக்குக் காரும் அறையும்தான் மரியாதை.

வீக் ஊருக்குப் பக்கத்து ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் மட்டும் குழந்தைகளின் கையை விடவே விடாதீர்கள். அமைதியாக இருக்கும் கடல் திடீரென்று ஒரு பெரிய அலையை மேலே அனுப்பும், உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கை விளக்குப் பலகை வைத்திருக்கிறார்கள், சிவப்பு எரிந்தால் கீழே இறங்காதீர்கள்.

எரிமலை வெடிக்கிறதே?

2023 டிசம்பரிலிருந்து கிரிண்டாவிக் ஊரை ஒட்டி அவ்வப்போது எரிமலைக்குழம்பு வெளிவந்தது. அது நாட்டின் தென்மேற்கு மூலையில் ஒரு சிறு பகுதி. சேஃப்டிராவல் தளத்தில் மூடிய பகுதி எது என்று பாருங்கள், மற்ற இடங்களில் வாழ்க்கை வழக்கம்போல நடக்கும்.

வண்டியை எடுக்கும்போதும் திருப்பும்போதும் என்ன பார்க்க வேண்டும்?

எடுக்கும்போது சுற்றி வந்து வீடியோ எடுங்கள். சக்கர வளையம், முன் கண்ணாடி, கூரை ஓரம், கதவுக் கீல், இருக்கைத் துணி, எதையும் விடவேண்டாம். மழையில் நனைந்த வண்டியில் கீறல் தெரியாது, துடைத்துவிட்டுப் பாருங்கள். பழைய சேதம் ஏதாவது தாளில் குறிக்காமல் இருந்தால் குறிக்கச் சொல்லி, நகலை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

திருப்புவதற்கு முந்தைய இரவை விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உள்ள தளத்தில் வையுங்கள். கழிவுநீர்த் தொட்டியைத் தளத்தில் அதற்கென்று உள்ள இடத்தில் காலி செய்யுங்கள், பல பங்குகளில் வண்டி கழுவ இலவசமாகவே குழாயும் பிரஷும் வைத்திருப்பார்கள், உள்ளே கூட்டி, டேங்கை நிரப்பி, ரசீதை எடுத்து வையுங்கள். வாடகை அலுவலகங்கள் பல கெஃப்லாவிக் விமான நிலையத்தை விட்டுச் சற்றுத் தள்ளி இருக்கும், அங்கிருந்து அவர்கள் வண்டியில் கொண்டுவிடுவார்கள், அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதிகாலை விமானம் என்றால் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். அப்போதும் ஒரு வீடியோ எடுத்துவிட்டு, முன்பணம் கார்டுக்குத் திரும்ப வரும்வரை அதை அழிக்காதீர்கள்.